கொலையாளி வராமலே போனால்: டூரன்மாட்டின் ‘வாக்குறுதி’ பற்றி ஓர் இழை

பிப்ரவரி 8 | ஒரு வாசகரின் கேள்வி

நேற்று ராத்திரி ஜாக் நிக்கல்சன் நடித்த ‘தி ப்ளெட்ஜ்’ பார்த்தேன். ஒரு சின்னப் பெண்ணைக் கொன்றவனைத் தேடி ஓய்வுபெற்ற போலீஸ்காரர் அலைகிறார். இரண்டு மணி நேரம் நம்மை உட்கார வைத்துவிட்டு, கடைசியில் கொலைகாரன் வருகிற வழியில் லாரியில் மோதிச் செத்துப்போகிறான். அது அவருக்குத் தெரியவே தெரியாது. பைத்தியம் மாதிரி புலம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், படம் முடிந்தது. இது ஏமாற்று வேலை இல்லையா? முடிவு எழுதத் தெரியாமல் லாரியை ஓட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்.

பிப்ரவரி 8, இரவு

கை தூக்கமாட்டேன். கதை முழுவதையும் கேள்வியிலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள், ஆகவே இனி ரகசியம் காக்க ஒன்றுமில்லை. பார்க்காதவர்கள் இத்தோடு திரும்பிவிடலாம்.

அந்த லாரி 2001இல் ஷான் பென் இயக்கிய படத்துக்காகக் கண்டுபிடித்தது அல்ல. 1958இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரீட்ரிஷ் டூரன்மாட் எழுதிய ‘வாக்குறுதி’ என்ற நாவலில் இருக்கிறது. நாவலின் துணைத்தலைப்பே துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கல் பாட்டு என்கிற மாதிரி வரும். முடிவு எழுதத் தெரியாத ஆள் அப்படித் தலைப்பிலேயே அறிவித்துவிட்டு உட்காரமாட்டார்.

இன்னொன்று. அவரே இதற்கு ஒரு ‘சரியான’ முடிவும் எழுதியிருக்கிறார். அதில் கொலையாளி வந்து சிக்குகிறான். அதுவும் 1958தான். நாளை விவரமாக எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

பிப்ரவரி 9

விட்ட இடத்திலிருந்து. சூரிக்கைச் சேர்ந்த தயாரிப்பாளர் லாசர் வெக்ஸ்லர், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைப் பற்றிப் பெற்றோரை எச்சரிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று டூரன்மாட்டிடம் கதை கேட்டார். அப்படி வந்ததுதான் ‘பட்டப்பகலில் நடந்தது’. இயக்கம் லாடிஸ்லாவோ வாய்தா. இன்ஸ்பெக்டர் மத்தேயியாக ஹைன்ஸ் ரூமன். அவர் ஜெர்மன் சினிமாவின் பெரிய நகைச்சுவை நடிகர். அவரைக் கூப்பிட்டு இந்த வேடத்தைக் கொடுத்தார்கள். படத்தில் மத்தேயி கணக்குப் போடுகிறார், காத்திருக்கிறார், கொலையாளி வருகிறான், மாட்டுகிறான். பெற்றோருக்குப் பாடம், போலீசுக்கு நல்ல பெயர், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

டூரன்மாட்டுக்கு அது போதவில்லை. படத்தின் வேலை எச்சரிப்பது, அதைப் படம் செய்துவிட்டது, ஆனால் கதை தன்னை விடவில்லை என்கிற மாதிரிதான் அவர் சொன்னார். அதே ஆட்களை எடுத்துக்கொண்டு நாவலாக்கினார். எல்லாம் அப்படியே இருக்க, கொலையாளியை மட்டும் வரவிடாமல் செய்தார்.

பிப்ரவரி 9, பிற்பகல்

மேலே ஒருவர் “நாவலைப் படமாக்கும்போது வழக்கம்போல முடிவை மாற்றி இனிப்புத் தடவியிருக்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறார். வரிசை தலைகீழ். படக்கதை முதலில், நாவல் பிறகு. இனிப்பு முதலில் வந்தது, கசப்பைப் பிறகு அவரே கரைத்தார்.

பிப்ரவரி 10

முடிவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். எனக்கு இந்தக் கதையில் முதுகு சில்லிடுகிற இடம் லாரி இல்லை, வியாபாரி.

மறந்திருந்தால் ஒரு வரி: சூரிக்குப் பக்கத்தில் மேகண்டோர்ஃப் என்கிற (கற்பனை) கிராமம். காட்டில் கிரிட்லி மோசர் என்ற சிறுமியின் உடலை ஃபொன் குன்டென் என்கிற ஊர் ஊராகச் சாமான் விற்கிற ஆள் பார்க்கிறான். அவனே போலீசுக்குப் போன் பண்ணுகிறான், அதுவும் தனக்குத் தெரிந்த மத்தேயிக்கு. முதலில் பார்த்தவன் அவன், ஊருக்கு அந்நியன், ஒரு சிறுமி விஷயத்தில் பழைய தண்டனையும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? கிராமமே திரண்டு வந்து அவனை எங்களிடம் கொடு என்கிறது. மத்தேயி ஜீப்பை ஏற்றிக் கூட்டத்தைக் கலைப்பதில்லை. நின்று பேசுகிறார், கேள்வி கேட்கிறார், அவர்களையே யோசிக்க வைத்து அவனைக் காப்பாற்றிக்கொண்டு போகிறார். அருமையான காட்சி.

அப்புறம் போலீஸ் அலுவலகத்தில் நடப்பதுதான் கொடுமை. மத்தேயிக்கு ஜோர்டானில் புது வேலை, கிளம்ப வேண்டும். அவர் இடத்துக்கு வரத் துடிக்கிற ஹென்சி விசாரணையை எடுத்துக்கொள்கிறான். ஆள் மாற்றி ஆள், இருபது மணி நேரத்துக்கு மேல் கேள்வி. தூக்கம் கிடையாது. கடைசியில் அந்த ஆள் “நான்தான்” என்கிறான். அன்றிரவே அறையில் தூக்கு மாட்டிக்கொள்கிறான். குற்றவாளியே செத்தும்விட்டான், வாக்குமூலமும் இருக்கிறது. கோப்பைக் கட்டியாகிவிட்டது.

நான் ஒரு தாலுகா ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பல வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன். அதனால் இந்தப் பக்கங்களைக் கதையாக மட்டும் படிக்க முடியவில்லை. நம் ஊரில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. பழைய 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு. வெள்ளைக்காரனே தன் போலீசை நம்பாமல் எழுதி வைத்தது. ஆகவே ஒப்புதல் வேண்டுமென்றால் ஆளை மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவர வேண்டும். அவர் போலீசை வெளியே அனுப்புவார், நீ சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும் என்று எச்சரிப்பார், யோசிக்க அவகாசம் கொடுப்பார்.

ஒரு திருட்டு வழக்கு. பையனை ஒப்புதலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். போலீசை வெளியே அனுப்பியாகிவிட்டது. ஐயா கேள்வி கேட்கிறார், பையன் பதில் சொல்லாமல் ஜன்னலையே பார்க்கிறான். எனக்கு முதலில் புரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் ஏட்டு நிற்கிறார், அவர் நிழல் மட்டும் கம்பியில் விழுகிறது. ஐயா எழுந்து போய்த் தானே ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி கேட்டதும் பையன் சொன்னது: “என்ன சொன்னா வீட்டுக்கு விடுவாங்க சார்?” அத்தோடு பேனாவை மூடிவிட்டார்.

ஃபொன் குன்டெனுக்கு ஜன்னலைச் சாத்த ஒருவரும் இல்லை. கதையில் முதல் கொலை காட்டில் நடந்தது. இரண்டாவது போலீஸ் அலுவலகத்தில் நடந்தது. அதற்காக அந்த நாவலில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. அதைக் கொலை என்று மத்தேயியைத் தவிர யாரும் நினைக்கக்கூட இல்லை.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

“அப்போ ஸ்டேஷனில் ‘கவனித்த’ பிறகு காட்டிக்கொடுத்த கத்தி மட்டும் எப்படிச் செல்லுகிறது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பழைய 27ஆவது பிரிவு. கைதி சொன்னதால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாக ஒட்டிய பகுதி மட்டும் செல்லும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் இரண்டையும் 23ஆவது பிரிவுக்குள் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சந்து வழியாக எத்தனை வழக்குகள் நடந்து போயிருக்கின்றன என்று ஆரம்பித்தால் இழை சுவிட்சர்லாந்துக்குத் திரும்பாது. விடுங்கள்.

பிப்ரவரி 11

சின்ன விஷயம், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1958 படத்தில் கொலையாளி ஷ்ரோட்டாக நடித்தவர் கெர்ட் ஃப்ரோபே. பெரிய உடம்பு, குழந்தை முகம், கையில் ஒரு பொம்மலாட்டப் பொம்மை. அந்தப் பொம்மையை ஆட்டிக்கொண்டு குழந்தையிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவார். நமக்கு வயிற்றைப் பிசையும். இதைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் பாண்ட் ஆட்கள் அவரைக் கோல்ட்ஃபிங்கராக (1964) போட்டார்கள் என்பார்கள். தங்கத்தின் மேல் ஆசைப்பட்ட வில்லன் எனக்கு அதற்கப்புறம் கோமாளியாகத்தான் தெரிந்தான்.

சாமான் விற்கிறவனாக அதே படத்தில், பிரெஞ்சு சினிமாவில் பெயரெடுத்த சுவிஸ் நடிகர் மிஷேல் சிமோன். பெயரும் ஜாக்கியே என்று பிரெஞ்சுப் பெயராக மாறிவிட்டது. சாதாரண ஆளா அவர்! கொஞ்ச நேரம்தான் வருகிறார், போகும்போது படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

பிப்ரவரி 12

“துப்பு என்று என்ன இருக்கிறது? ஒரு குழந்தை வரைந்த படத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு கட்டடமா?” என்று இழையை ஆரம்பித்தவர் மறுபடி வந்திருக்கிறார். சரி, துப்புகளுக்கு வருவோம். இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கிரிட்லி சாவதற்கு முன் பள்ளியில் ஒரு படம் வரைந்திருக்கிறாள். ஒரு பெரிய ராட்சதன், அவன் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், ஒரு கறுப்புக் கார், விசித்திரமான கொம்புள்ள ஒரு மிருகம். ராட்சதன் அவளுக்குக் குட்டிக் குட்டி முள்ளெலிகள் கொடுத்தான் என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் எல்லோரும் இதைக் கற்பனை என்று தள்ளுகிறார்கள். மனநல மருத்துவர்கூட மத்தேயியையே நோயாளியைப் போலப் பார்க்கிறார்.

மத்தேயி மட்டும், குழந்தை பார்த்ததைத்தான் வரைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார். அங்கே ஒவ்வொரு கன்டோனுக்கும் (நம் மாநிலம் மாதிரி) தனி போலீஸ், தனிச் சின்னம். காரின் பின்பக்க நம்பர் பிளேட்டில் அந்தச் சின்னம் இருக்கும். கிரௌபுண்டன் கன்டோனின் சின்னத்தில் இருப்பது ஐபெக்ஸ் என்னும் மலையாடு, பின்னால் வளைந்த நீளக் கொம்போடு. ஆக, கறுப்புக் கார், கிரௌபுண்டன் வண்டி, பெரிய உடம்புக்காரன். வேறு கன்டோன்களில் முன்பு நடந்த இரண்டு சிறுமிகளின் கொலைகளையும் சேர்த்து வைத்தால், கிரௌபுண்டனிலிருந்து சூரிக்குக்குப் போய்வருகிற ஓர் ஆள் கிடைக்கிறான். முள்ளெலி என்ன என்பது பிறகு தெரிகிறது: மேலே முள்முள்ளாக இருக்கிற சாக்லேட் உருண்டை, ட்ரஃபிள்.

ஒரு கன்டோனில் நடந்த கொலை அடுத்த கன்டோனுக்கு அந்நிய வழக்கு. அதனால்தான் மூன்றையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நம்மிடமும் “எல்லை எங்களுடையது இல்லை” என்று இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் மீன் பிடிக்கிற பையன்கள். ஆற்றில் தூண்டில் போடுகிற பையன்களிடம் மத்தேயி பேச்சுக் கொடுக்கிறார். இன்ன மீன் வேண்டுமென்றால் எங்கே உட்காருவது, என்ன இரை போடுவது என்று அவர்கள் பெரிய மனுஷத்தனமாகச் சொல்கிறார்கள். அவர் கேட்டுக்கொள்கிறார். அடுத்து அவர் செய்வது கூர் நகரத்திலிருந்து சூரிக்குக்குப் போகிற சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கை எடுப்பது. காரில் வருகிறவன் என்றைக்காவது பெட்ரோல் போட்டுத்தானே ஆக வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டது. இரை?

பிப்ரவரி 13

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஹெல்லர் என்ற பெண்ணை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறார். அவளுடைய மகள் ஆன்மரி கிரிட்லியைப் போலவே இருக்கிறாள். அதற்காகத்தான் அந்த வேலை. போலீஸ் பதிவில் பெயர் ஏறிய பெண், எங்கேயும் நிம்மதியாகக் குடியிருக்க விடாத ஊர், இப்போது ஒரு நல்ல மனிதர் தங்க இடமும் சம்பளமும் கொடுத்து, மகளுக்குக் கதையும் சொல்கிறார். அவள் நம்பிவிடுகிறாள். குழந்தை சாலையோரம் பொம்மையோடு விளையாடுகிறது. அவர் பங்க்கில் நின்றபடி, போகிற கார்களின் நம்பர் பிளேட்டைப் பார்க்கிறார்.

ஒரு நாள் குழந்தையின் கையில் சாக்லேட். மந்திரவாதி கொடுத்தானாம், யாரிடமும் சொல்லக்கூடாதாம். மத்தேயி தன் பழைய மேலதிகாரியான போலீஸ் கமாண்டன்டிடம் ஓடுகிறார். கமாண்டன்ட், ஹென்சி, அரசு வழக்கறிஞர் எல்லோரும் காட்டில் புதருக்குப் பின்னால் நாள் கணக்கில் ஒளிந்திருக்கிறார்கள். நடுவில் வெட்டவெளி, ஓடைப் பக்கம் அந்தக் குழந்தை உட்கார்ந்து பாடிக்கொண்டு காத்திருக்கிறது. யாரும் வருவதில்லை.

முதல் தடவை படித்தபோது நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்த இடம் இதற்கு அடுத்தது. பொறுமை போய், அரசு வழக்கறிஞர் முதலில் பாய்கிறார். யாருக்காகக் காத்திருக்கிறாய் சொல் என்று அந்தக் குழந்தையை உலுக்குகிறார்கள், கத்துகிறார்கள், அடிக்கிறார்கள். கதையைச் சொல்கிற கமாண்டன்டும் அதில் இருக்கிறார். குழந்தையைக் காப்பாற்ற வந்தவர்கள்! அந்தப் பக்கம் வந்த தாய் இதைப் பார்க்கிறாள். எதற்காகத் தனக்கு வேலை கிடைத்தது என்பதும் அவளுக்கு அங்கேதான் தெரிகிறது.

இழையை ஆரம்பித்தவருக்கு: நாவலின் முடிவு எனக்கு இதுதான். லாரி பின்னால் வருகிற கணக்கு.

பிப்ரவரி 13, இரவு

“வேறு வழி இல்லை, ஒரு குழந்தையை வைத்து இன்னும் பத்துக் குழந்தைகளைக் காப்பாற்றினால் தப்பென்ன?” என்று இரண்டு பேர். உங்கள் வீட்டுக் குழந்தையைக் கொடுப்பீர்களா என்று பதிலுக்குக் கேட்பது மலிவான வாதம், அதைச் செய்யப்போவதில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. மத்தேயி தன் சொந்தக்காரர் குழந்தையையோ கமாண்டன்டின் பேத்தியையோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. கேட்காமலே கிடைக்கிற குழந்தை எது என்று பார்த்தார். புகார் கொடுக்கப் போனால் “நீ யார் என்று தெரியாதா” என்று விரட்டக்கூடிய தாயின் குழந்தை.

எங்கள் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறிய குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களை வரவழைப்பது சுலபம். தாய் கூலி வேலைக்காரி என்றால் சம்மனைக்கூட ஒழுங்காகக் கொடுக்கமாட்டார்கள், வாசலில் நின்று சத்தம் போட்டால் போதும். வசதியான வீட்டுக் குழந்தை என்றால் டாக்டர் சர்டிபிகேட் வரும், வக்கீல் வருவார், தேதி மாறும்.

பிப்ரவரி 15

மத்தேயியை ரொம்பத் திட்டிவிட்டேனோ என்று இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. திட்டியதை எடுக்கவில்லை, ஒன்றைச் சேர்க்கிறேன்.

கிரிட்லியின் பெற்றோரிடம் போய்ச் சொல்ல எந்தப் போலீஸ்காரனும் தயாராக இல்லை. மத்தேயி போகிறார். அந்தத் தாய்தான் யார் செய்தது என்று கண்டுபிடிப்பதாகச் சத்தியம் கேட்கிறாள், உன் ஆன்ம ஈடேற்றத்தின் மேல் ஆணையாக என்று. அவர் அந்த இடத்தைவிட்டு எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்பதற்காகவே சரி என்கிறார். அவ்வளவுதான், வீரமும் இல்லை லட்சியமும் இல்லை. பிறகு ஜோர்டான் விமானத்தில் ஏறப் போகும்போது, மேல்மாடத்தில் கையாட்டிக்கொண்டிருக்கும் குழந்தைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். வேலை போயிற்று. குடிக்காதவர், புகைக்காதவர், இரண்டையும் பிடித்துக்கொள்கிறார். ஒரு சாவுச் செய்தி சொல்லும் வேலையை மற்றவர்கள் தட்டிக்கழித்ததால் வந்த வினை இது. இப்படிப்பட்ட வேலைகள் எப்போதும் ஒழுங்கான ஆள் தலையில்தான் விழுகின்றன, ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஷான் பென் இந்தக் காட்சியை நெவாடாவில் ஒரு வான்கோழிப் பண்ணைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். கொட்டகை முழுக்க ஆயிரக்கணக்கான குஞ்சுகள். நிக்கல்சன் மிதித்துவிடாமல் காலைத் தேய்த்துத் தேய்த்து அவற்றின் நடுவே போகிறார். நாம் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம், என்ன பேசுகிறார் என்பது கேட்காது. தாயாக பட்ரீஷியா கிளார்க்சன். செத்த மகள் செய்த சிலுவை ஒன்றின் மேல் சத்தியம் வாங்குகிறார். படத்தில் வேறெதுவும் இல்லாவிட்டாலும் அந்தக் குஞ்சுகளுக்காகப் பார்க்கலாம்.

பிப்ரவரி 15, மாலை

அந்த அமெரிக்கப் படத்தில் முள்ளெலிக்குப் பதில் முள்ளம்பன்றி. அங்கே முள்ளெலி கிடையாது, அதனால்தான். போலீசிடம் மாட்டுகிறவன் வியாபாரி அல்ல, பெனிசியோ டெல் டோரோ நடித்த மனவளர்ச்சி குன்றிய பூர்வகுடி ஆள். தூக்குக்குப் பதில் போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டுக்கொள்கிறான். அவனிடம் ஆரன் எக்கார்ட் காதோரம் கிசுகிசுத்து வாக்குமூலம் வாங்குகிற விதம் ஹென்சியைவிட மோசம்.

பிப்ரவரி 17

இப்போது லாரி. இதற்காகத்தானே வந்தோம்.

நாவலில் நமக்கு அந்த விபத்தைக் காட்டுவதே இல்லை. வருஷங்கள் கழித்து, ஓய்வுபெற்ற கமாண்டன்டை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறார்கள். சாகக் கிடக்கிற பணக்காரக் கிழவி, ஷ்ரோட் அம்மாள், பாதிரியார் சொன்னதால் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சாக வேண்டும் என்கிறாள். சொல்லத் தொடங்குகிறாள் பாருங்கள்! குடும்பப் பெருமை, தங்கையோடு சண்டை, தங்கைக்கு முட்டை கொடுத்தனுப்பியது, முதல் புருஷன், அவர் போன பிறகு வீட்டில் வேலை பார்த்த ஆல்பர்ட் என்ற இளைஞனைக் கட்டிக்கொண்டது. கமாண்டன்டுக்குக் கொட்டாவி வருகிறது. நமக்கும். நடுவில் போகிற போக்கில், நம்ம ஆல்பர்ட்டுக்கு வானத்திலிருந்து குரல் கேட்டது, ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு வந்தான், நான் நன்றாகத் திட்டினேன், இனிச் செய்யமாட்டேன் என்றான். மறுபடி முட்டை. மறுபடி ஒரு பெண். கடைசியாக ஒரு நாள் பெரிய கறுப்பு ப்யூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான், லாரியில் மோதிப் போய்விட்டான், பாவம்.

அதே வெட்டவெளியில் ஆன்மரி காத்திருந்த நாள்கள். புதருக்குப் பின்னால் அத்தனை போலீசும் காத்திருந்த நாள்கள்.

ஆக, மத்தேயி போட்ட கணக்கில் ஒரு பிழைகூட இல்லை. கார் சரி, கன்டோன் சரி, சாலை சரி, ஆள் வருவான் என்பதும் சரி. வந்துகொண்டுதான் இருந்தான். கமாண்டன்ட் கதை கேட்கிற எழுத்தாளரிடம் சண்டை போடுவதும் இதைப் பற்றித்தான்: நீங்கள் குற்றத்தைச் சதுரங்கம் மாதிரி எழுதுகிறீர்கள், தற்செயலுக்கு இடமே விடுவதில்லை, நாங்கள் வேலை செய்கிற உலகம் அப்படி இல்லை.

இதை ஏமாற்று என்று நீங்கள் சொன்னதற்கு என் பதில்: ஏமாற்று என்றால் எழுத்தாளர் துப்பை ஒளித்து வைத்திருக்க வேண்டும். இதில் ஒன்றையும் ஒளிக்கவில்லை. எல்லாத் துப்பும் சரியாகப் பொருந்துகிறது. பொருந்தியும் ஒன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரி 17, இரவு

“அந்தக் கிழவியை உள்ளே தள்ள வேண்டாமா?” என்று கேட்டவருக்கு: சாகக் கிடக்கிறாள், எந்தக் கோர்ட்டும் அதற்குள் சம்மன் அனுப்பி முடிக்காது. ஆனால் எனக்கு ஆல்பர்ட்டைவிட அவள்மேல்தான் ஆத்திரம். குடும்ப மானம் போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. முதல் கொலையிலேயே வாயைத் திறந்திருந்தால் கிரிட்லி இருந்திருப்பாள், வியாபாரி இருந்திருப்பான். “வெளியே தெரிந்தால் அசிங்கம்” என்று வீட்டுக்குள்ளேயே பேசி முடித்த சமாசாரங்கள் எத்தனை எங்கள் பதிவேட்டில் தாமதமாக வந்து ஏறியிருக்கின்றன. புகார் ஏன் இத்தனை நாள் தாமதம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், தாய் தலையைக் குனிந்துகொள்வாள்.

டூரன்மாட் இதைச் சிரிப்பாக எழுதியிருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அழுது அழுது சொல்லியிருந்தால் நாம் அவளை மன்னித்திருப்போம்.

பிப்ரவரி 19

ஒரு பெண் வாசகர் நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார்: “1958 படத்தின் முடிவில் மத்தேயி அந்தப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறாரே, அது மட்டும் இனிப்பா?”

இல்லை. அதனால்தான் அந்தப் படத்தையும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கொலையாளி செத்தாகிவிட்டது, மத்தேயிக்கும் காயம். ஆன்மரி மந்திரவாதியைத் தேடி வருகிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. கொலைகாரன் வைத்திருந்த அதே பொம்மையை எடுத்துக் கையில் மாட்டி, அவள் முன்னால் ஆட்டிக் காட்டுகிறார். அவள் சிரிக்கிறாள். அவரும் அந்தப் பொய்யையே சொல்ல வேண்டியிருக்கிறது, அதே பொம்மையோடு. சந்தோஷமான முடிவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

நாவலில் ஆன்மரி வளர்ந்து, அதே பங்க்கில் வேலை செய்கிறாள். வெளியே கல்பெஞ்சில் அழுக்கும் அப்சிந்த் என்கிற சாராயத்தின் நாற்றமுமாக மத்தேயி. வருவான், வருவான் என்கிறார். நாவல் தொடங்குவதே அங்கேதான், முதல் சில பக்கங்களில் நாம் அவரைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஷான் பென்னும் அதையே படத்தின் தலையிலும் வாலிலும் வைத்தார்.

பிப்ரவரி 20

“எதை முதலில்?” என்று கேட்பவர்களுக்கு. 1958 படம், பிறகு நாவல், பிறகு நிக்கல்சன். நாவல் சின்னது, ஒரு ரயில் பயணத்தில் முடித்துவிடலாம், ஆனால் ராத்திரி ரயில் வேண்டாம். 1990இல் ஹங்கேரியில் ஜியார்ஜி ஃபெஹேர் இதே கதையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். மழை, மூடுபனி, நீள நீளக் காட்சிகள், யாரும் அவசரமாக ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். லாரி முடிவே பிடிக்காத நம் நண்பருக்கு அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மற்றவர்கள் பாருங்கள், பாதியில் தூங்கிவிட்டால் இங்கே வந்து என்னைத் திட்டாதீர்கள்.